அக்கா எதிர்த்துப் பேசினாள்

எங்கள் பள்ளிக்கு அந்தச் சுற்றறிக்கை வந்தபோது நான் ஏழாம் வகுப்பில் இருந்தேன். மாமல்லபுரத்தில் ஒரு மண்டபத்தில் பேச்சுப்போட்டி. பள்ளிக்கு இரண்டு பேர் வரலாம். ஒருவர் தலைப்பை ஆதரித்தும் இன்னொருவர் எதிர்த்தும் பேச வேண்டும். 'நாடுகளுக்கிடையே நடக்கும் போரையும் பயங்கரவாதத்தையும் நிறுத்த சர்வதேச நடுவர் மன்றமே போதும்' என்பது தலைப்பு. தமிழாசிரியை அரை நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ஆதரித்துப் பேச என் பெயரையும், எதிர்த்துப் பேச ஒன்பதாம் வகுப்பிலிருந்த அக்காவின் பெயரையும் எழுதி அனுப்பிவிட்டார். போன வருஷமும் நாங்கள்தான் போயிருந்தோம். ஒருத்தி எழுதுவதை மற்றவள் திருத்தி, இரண்டு பேச்சும் ஒரே வீட்டில் தயாராகிவிடுவதால் அவருக்கு வேலை மிச்சம்.

அக்கா என்றால் பெரியப்பா மகள். எங்களுக்குள் பேச்சு நின்று அன்றோடு பதினேழு நாள் ஆகியிருந்தது. ஆசிரியைக்கு அது தெரியாது. நான் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாளுக்கு ஒரு கோடு போட்டு வந்ததால் எனக்குத் துல்லியமாகத் தெரியும்.

எங்கள் ஊர், திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற பஸ்ஸில் இருபது நிமிஷம். தாத்தா கட்டிய ஒரே வீட்டை அப்பாவும் பெரியப்பாவும் நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் ஒரு கதவு இருந்தது. அந்தக் கதவுக்கு இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் உண்டு என்பதே சண்டை வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் பக்கத் தாழ்ப்பாளை அப்பா போட்டார். அந்தப் பக்கம் தாழ்ப்பாள் விழுந்த சத்தத்தோடு, இரும்பு பீரோவை இழுத்து வைத்த சத்தமும் கேட்டது.

கதவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவை எவை என்று அன்றே எழுதிப் பார்த்தேன். என் காம்பஸ் பெட்டி. பெரியம்மா வைக்கிற கருவாட்டுக் குழம்பு. பாதியில் நின்றுபோன தாயக்கட்டை ஆட்டம்; அதில் எனக்கு ஒரு காய்தான் பழமாக வேண்டியிருந்தது. என் இடது பக்கச் சடை. இந்தக் கடைசிப் பொருளைக் கொஞ்சம் விளக்க வேண்டும். காலையில் அம்மா மாட்டுக் கொட்டகையில் இருப்பாள். வலது சடையை நானே பின்னிக்கொள்வேன். இடது பக்கம் எனக்குக் கை வளையாது. அதை அக்காதான் தினமும் பின்னிவிடுவாள். கதவு சாத்தியதிலிருந்து நான் ஒரு சடை மேலும் ஒரு சடை கீழுமாகப் பள்ளிக்குப் போனேன். பஸ் நிறுத்தத்தில் சாலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அக்கா அந்தக் கோணல் சடையையே பார்ப்பாள். வந்து சரி செய்ய மாட்டாள். பேசக் கூடாது என்று பெரியப்பா சொல்லியிருந்தார். அக்கா சொன்ன சொல் கேட்கிற பெண்.

எதற்காகச் சண்டை என்று அப்போது கேட்டிருந்தால் தண்ணீருக்காக என்று சொல்லியிருப்பேன். இப்போது பம்ப்செட்டுகளுக்குக் கட்டுப்பாட்டுப் பலகை வடிவமைக்கிற வேலையில் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் திருத்திச் சொல்ல முடியும். சண்டை 'நாள்' என்ற ஒரு சொல்லுக்காக.

கிணறு ஒன்று, மோட்டார் ஒன்று, நிலம் இரண்டு. தாத்தா எழுதிவைத்த பாகப் பத்திரத்தில், மேற்படி கிணற்றுத் தண்ணீரை மூத்தவரும் இளையவரும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று இருந்தது. பத்திரம் எழுதியவருக்கு நாள் என்றால் என்ன என்று விளக்கத் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றும்? வயலுக்கு மும்முனை மின்சாரம் ஒரு வாரம் பகலிலும் மறு வாரம் இரவிலும் வரும். அந்த வருஷம் இரவு வாரத்தின் நேரத்தை மாற்றி, நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து காலை ஆறு வரை என்று வைத்தார்கள். அதுவரை ஒன்றாக இருந்த நாள் அங்கேதான் இரண்டாகப் பிளந்தது.

பெரியப்பா முழுநேர விவசாயி. அவருக்குப் பொழுது விடிந்தால் நாள்; மறுபடி விடிகிறவரை அதே நாள். ஆகவே தன் முறை நாளின் இரவில் வருகிற மின்சாரமும் தன்னுடையது. அப்பா செங்கல்பட்டில் ஒரு லாரி அலுவலகத்தில் வேலை பார்த்தார். அவருக்குப் பன்னிரண்டு மணி அடித்தால் தேதி மாறிவிடும். ஆகவே அதே மின்சாரம் அடுத்த நாளைச் சேர்ந்தது. அடுத்த நாள் அப்பாவுடைய முறை. இப்படி ஓர் இரவில் இருவருமே மோட்டார் கொட்டகைக்குப் போய் நின்றார்கள்.

வேடிக்கை மறு இரவில்தான். பெரியப்பா கணக்கில் அது அப்பாவின் முறை. அப்பா கணக்கில் அது பெரியப்பாவின் முறை. இருவருமே போகவில்லை. ஆறு மணி நேரம் மின்சாரம் வந்தும் மோட்டார் சும்மா கிடந்தது. ஓர் இரவு அடிதடி, மறு இரவு வறட்சி என்று அந்த வாரம் ஓடியது.

நான் இதைக் கட்டம் போட்டு எழுதி, எந்தக் கணக்கில் பார்த்தாலும் இருவருக்கும் ஒரே அளவு தண்ணீர்தான் என்று கண்டுபிடித்தேன். சும்மா கிடக்கிற இரவில் அப்பா மோட்டாரைப் போட்டுக்கொண்டால் சண்டையே இல்லை. பெருமையோடு நோட்டை அப்பாவிடம் காட்டினேன். அவர் கட்டத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். பிறகு நோட்டை மூடினார்.

"கணக்கு சரியாத்தான் கீது. ஆனா அந்த ராத்திரி நான் போயி சுவிட்ச போட்டன்னு வெச்சிக்க, அண்ணன் சொல்ற நாளுதான் நாளுன்னு நானே கையெழுத்து போட்டுக் குடுத்தா மாதிரி."

பெரியப்பாவும் அதே காரணத்துக்காகத்தான் அந்தத் தண்ணீரைத் தொடவில்லை. யாரும் குடியிருக்க முடியாத ஒரு பாறைக்காக இரண்டு நாடுகள் கப்பல் அனுப்புகிற செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அப்பா நோட்டை மூடியது ஞாபகம் வரும்.

ஐந்தாவது இரவில் ஒருவர் போட, மற்றவர் நிறுத்த, மறுபடி போட, மறுபடி நிறுத்த என்று நடந்ததில் மோட்டாரின் காயில், அதாவது உள்ளே சுற்றியிருக்கிற செம்புக் கம்பி, கருகிவிட்டது. தள்ளுமுள்ளில் அப்பாவின் கட்டைவிரல் பிசகியது. பெரியப்பாவின் பனியன் தோளோடு கிழிந்தது. காலையில் இதையெல்லாம் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். அன்றுதான் கதவு சாத்தினார்கள்.

கருகிய மோட்டாரை எடுத்துப் போக வந்தவர் மோட்டார் பாய். சதுரங்கப்பட்டினத்துக்காரர். திருக்கழுக்குன்றத்தில் மலை தெரிகிற ஒரு சந்தில் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். சுற்று வட்டாரத்தில் பாதி மோட்டார்களைப் பிரித்துப் பார்த்தவர். அதனால் பாதிக் குடும்பங்களையும் பிரித்துப் பார்த்தவர். சண்டைக்குப் பிறகு எங்கள் இரண்டு வாசலிலும் டீ குடித்த ஒரே மனிதர் அவர்தான். ஆள் அனுப்பியும் மூன்றாவது வாரம்தான் வந்தார், சீசன் நேரம். அவர் மோட்டாரை வேனில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது நான் பள்ளியிலிருந்து வந்தேன். பேச்சுப்போட்டிக் குறிப்பு பையில் இருந்தது. எனக்கு அப்போது உலகத்தில் இருந்த ஒரே சந்தேகத்தைக் கேட்டேன்.

"பாய், ரெண்டு நாடு சண்டை போட்டா, நடுவர் வந்து தீத்து வெப்பாரா?"

"எந்த நாடு பாப்பா?"

நான் வீட்டைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். ஒரே ஓட்டுக் கூரை, இரண்டு வாசல், இரண்டு கோலம்.

"ரெண்டு நாட்டுக்கும் சேத்து ஒரே மோட்டாரு. அதுவும் இப்போ என் வண்டில கீது," என்று சொல்லி, மோட்டாரைத் தூக்கிய சங்கிலியைத் துடைத்துச் சுருட்டினார்.

நான்கு நாளில் இரண்டு வாசலுக்கும் ஒரே செய்தி வந்தது. காயில் கட்டியாயிற்று. ஆனால் அண்ணனும் தம்பியும் கடைக்கு வந்து எதிரெதிரே உட்கார்ந்து பேசி முடித்தால்தான் மோட்டார் கிணற்றில் இறங்கும். அப்பா பல்லைக் கடித்தார். அந்தப் பக்கம் பெரியப்பா உரக்கவே திட்டினார். கத்தரி வாடிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை காலை இருவரும் போனார்கள், வேறு வேறு பஸ்ஸில். நானும் அடம்பிடித்துப் போனேன். பெரியப்பாவோடு அக்காவும் வந்திருந்தாள்.

கடையில் இரண்டு முக்காலிகள் போட்டிருந்தார் பாய். தான் காயில் சுற்றுகிற பலகையில் உட்கார்ந்துகொண்டார். நான் ஷட்டரின் ஒரு பக்கம் நின்றேன், அக்கா மறுபக்கம்.

"பொழுது விடிஞ்சாத்தான் பாய் நாளு. நடு ராத்திரி பன்னண்டு மணிக்கு எவனாச்சும் எழுந்து பல்லு வெளக்குவானா?" என்றார் பெரியப்பா.

"ஊர் ஒலகம் பூரா பன்னண்டு மணிக்கி தேதிய மாத்துது. உனுக்கு மட்டும் தனி காலண்டர் அடிச்சிக் குடுப்பாங்களா அண்ணாத்த?" என்றார் அப்பா.

பாய் இருவரையும் முழுதாகப் பேச விட்டார். பிறகு தன் சங்கடத்தைச் சொன்னார். அவர்கள் வீட்டில் பொழுது சாய்ந்தாலே அடுத்த நாள் பிறந்துவிடுமாம். பிறை பார்ப்பதே அதற்குத்தானாம். ஆக நாள் இரண்டல்ல, மூன்று. அப்பாவும் பெரியப்பாவும் பல நாட்களுக்குப் பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என் கணக்குப்படி போனா தம்பி சொல்றதுதான் சரின்னு ஆவும். அதனாலயே அத்த நான் எடுக்க மாட்டேன்," என்றார் பாய். "நாளே வேணாம். கரண்ட்டு வந்தா ஒருத்தருக்கு. போயி அடுத்த நேரத்துக்கு வந்தா அடுத்தவருக்கு. பகலோ ராத்திரியோ, யாரும் மணி பாக்க வேணாம், வானத்தையும் பாக்க வேணாம்."

அவ்வளவுதான். பத்திரத்தில் பல வருஷமாக உட்கார்ந்திருந்த சொல்லை அந்த மனிதர் ஒரே வாக்கியத்தில் கழற்றிப் போட்டுவிட்டார். பின்னாளில் நான் எத்தனையோ தர்க்கச் சுற்றுகளை வரைந்திருக்கிறேன். அத்தனை சுத்தமாக ஒன்று எனக்கு அமைந்ததில்லை. சுவரிலிருந்து ஒரு காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கினார். எழுதி முடித்ததும் பெரியப்பா அப்பாவின் கட்டைவிரலைப் பார்த்து, "கட்டு போட்டியா," என்று கேட்டார். அப்பா, "ம்," என்றார்.

நான் மகிழ்ச்சியில் அக்காவைப் பார்த்தேன். அவள் முகத்தில் எதுவும் இல்லை. என்னைப் பார்த்தாள், பிறகு தெருவைப் பார்த்தாள். போட்டியில் எதிர்த்துப் பேசப் போகிறவளுக்கு, கண்ணெதிரே நடுவர் மன்றம் ஜெயித்துவிட்டதில் வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

மோட்டார் இறங்கியது. அடுத்த நான்கு மின்சார முறைகளும் தகராறில்லாமல் நடந்தன. ஒவ்வொன்றையும் தேதி போட்டு என் பேச்சின் ஓரத்தில் சான்றாக எழுதினேன். பீரோ நகர்ந்தது, கதவு திறந்தது. பெரியம்மா ஒரு கிண்ணத்தில் குழம்பு கொண்டுவந்து, வாசற்படியைத் தாண்டாமல் நீட்டினாள். ஒரு காலையில் அக்கா வந்து என் பின்னால் உட்கார்ந்தாள். இடது சடையைப் பின்னி முடித்தாள். நான் எழுந்தேன். தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். நான் பின்னியிருந்த வலது சடையையும் அவிழ்த்து, சீவி, மறுபடி முதலிலிருந்து மெதுவாகப் பின்னினாள். பஸ் போய்விடும் என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன். ரிப்பனை இரண்டு முடிச்சாகப் போட்டாள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ முறை அந்தக் காலைக்குத் திரும்பிப் போய், கத்தாமல் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

ஐந்தாவது முறை பெரியப்பாவுடையது. காலையில் அவர் வயலிலிருந்து கத்திக்கொண்டே வந்தார். கிணற்றிலிருந்து அவர் கத்தரிக்குத் தண்ணீர் கொண்டுபோகிற நீளமான பச்சை ஓஸ் பைப்பை யாரோ மூன்று இடத்தில் அறுத்துப் போட்டிருந்தார்கள். எலி கடித்ததல்ல. ஒரே வீச்சில் விழுந்த சுத்தமான வெட்டு. வாசலில் அறுந்த துண்டுகளைப் போட்டுவிட்டு, சந்து முழுக்கக் கேட்கும்படி, தீர்ப்புக்குத் தலையாட்டிவிட்டு இருட்டில் வந்து அறுக்கிறவன் ஆம்பிளையா என்று கேட்டார். அப்பா பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே வெளியே வந்தார். தான் அறுக்கவில்லை என்றார். என் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். பெரியப்பா அந்தக் கையைப் பார்க்கவில்லை. வேறெங்கோ பார்த்துக்கொண்டுதான் திட்டினார்.

பாய்க்கு ஆள் போயிற்று. அவர் வந்து துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த முறை முக்காலி போடச் சொல்லவில்லை.

"ரெண்டு பேரும் ஆமா நான்தான் சண்டை போட்டன்னு வந்து ஒக்காந்தீங்க, தீத்து வெச்சேன். இதுல ஒருத்தர் செய்யலன்றாரு. செஞ்சவன் வர மாட்டான். யார எதிர்ல ஒக்கார வெச்சிகினு நான் பேசறது?" என்றார். வேனில் ஏறும்போது, தனக்குத்தானே சொல்வதுபோல, "அப்பயாவது மோட்டாரு என் கையில இருந்திச்சி," என்றார்.

கதவு மறுபடி மூடியது. பீரோவை இழுத்த சத்தம் கேட்டது. அன்று மாலை என் பேச்சில் ஒரு பத்தி சேர்த்தேன். போர் என்றால் அடிப்பவர் யார் என்று தெரியும். பயங்கரவாதம் என்றால் தெரியாது. ஆகவே நடுவர் மன்றத்தோடு நல்ல துப்பறியும் துறையும் வேண்டும் என்று எழுதினேன். ஓஸை அறுத்தது யார் என்று கண்டுபிடித்துவிட்டால் அக்கா திரும்பக் கிடைத்துவிடுவாள் என்பது என் திட்டம். சந்தேகப் பட்டியலில் ஏழு பேர் இருந்தார்கள். பக்கத்து வயல்காரர் மூவர், ஆடு மேய்க்கிறவர், கறிவேப்பிலை வாங்க வருகிறவர், பாய், கடைசியாக, மிகவும் தயங்கி, பென்சிலால், அப்பா.

பத்து நாளில் பெரியப்பா குடும்பம் அச்சரப்பாக்கம் போகிறது என்று தெரிந்தது. பெரியம்மாவின் அண்ணன் அங்கே உரக்கடை வைத்திருந்தார். தம்பியே பைப்பை அறுக்கிற ஊரில் எப்படி இருப்பது என்று பெரியப்பா பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார். பார்ப்பவர்களும், அதுவும் சரிதான் என்றார்கள்.

உண்மை எங்கள் பக்கம் வந்து சேரப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. கருங்குழியில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது பெரியம்மா அம்மாவிடம் சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். சண்டைக்கு ஒரு மாதம் முன்னாலேயே அச்சரப்பாக்கத்தில் வீடு பார்த்தாயிற்று, அக்காவைக் கூட்டிப்போய்ப் பள்ளிக்கூடமும் பார்த்தாயிற்று. ஆனால் தாத்தா சாகும்போது பெரியப்பாவின் கையைப் பிடித்து, தம்பியைத் தனியாக விட்டுப் போகாதே என்று சொல்லியிருந்தார். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பெரியப்பா சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

"அப்பத்தான் சண்டை வந்திச்சி, அவருக்கு நிம்மதியா போச்சி. அந்த பாய் வந்து ராசி பண்ணி வெச்சிட்டாரு. இன்னா பண்ணுவாரு மனுசன்? அவரே போயி அறுத்துட்டாரு. பொண்ணு பாத்துட்டா. வாயத் தொறக்க மாட்டன்னு அவகிட்ட சத்தியம் வாங்கிகினாரு."

அம்மா வீட்டுக்கு வந்து இதை அப்பாவிடம் சொன்னாள். அவர் கோபப்படுவார் என்று நான் எதிர்பார்த்தேன். பன்னிரண்டு வருஷம் ஊர் அவரை ஓஸ் அறுத்தவராகத்தான் பார்த்திருந்தது. அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"எங்கிட்ட சொல்லியிருந்தா நானே அறுத்துக் குடுத்திருப்பனே," என்றார்.

இப்போது கல்யாணங்களில் இருவரும் சந்தித்தால், சாப்பிட்டாயா என்று பெரியப்பா கேட்கிறார், சாப்பிட்டேன் என்று அப்பா சொல்கிறார். அக்கா கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருக்கிறாள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எங்கள் கைபேசிகள் வாழ்த்துப் படங்களைப் பரிமாறிக்கொள்கின்றன. ஒரு முறை, அந்தப் போட்டி ஞாபகம் இருக்கிறதா என்று தட்டெழுதி, அனுப்பாமல் அழித்தேன். கேட்பதற்கு ஒன்றுமில்லை. அவள் சொல்ல வேண்டியதை அன்றைக்கே சொல்லிவிட்டாள். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பேச அனுமதி இருந்த கடைசி இடம் அந்த மேடைதான். அவளுக்கு அது தெரிந்திருந்தது.

போட்டி அவர்கள் போவதற்கு முந்தின சனிக்கிழமை நடந்தது. பஸ்ஸில் ஆசிரியை நடுவில் உட்கார்ந்தார். ஜன்னலோரம் அக்கா, இந்தப் பக்கம் நான். மண்டபத்தில் கடல் சத்தம் கேட்டது. காற்றில் மேடைத் துணி படபடத்துக்கொண்டே இருந்தது. ஆளுக்கு நான்கு நிமிஷம். மூன்றாவது நிமிஷத்தில் ஒரு மணி, நான்காவதில் இரண்டு மணி. சீட்டுக் குலுக்கியதில், ஒவ்வொரு பள்ளியிலும் எதிர்ப்பவர் முதலில் பேச வேண்டும் என்று வந்தது. நான் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு, பதில் சொல்வதற்காக அக்காவின் குறைகளைக் குறித்துக்கொள்ளத் தயாரானேன்.

எல்லோரும் சொல்கிற விஷயங்களோடுதான் தொடங்கினாள். வலிமையுள்ள நாடு தீர்ப்புக்குக் கட்டுப்படாது; மன்றத்துக்குப் படை கிடையாது. நன்றாகத்தான் பேசினாள். மூன்றாவது நிமிஷ மணி அடித்ததும் கையிலிருந்த தாளை மடித்தாள்.

"நடுவர் அவர்களே, ஒரு நாடு தன் எல்லைக்குள் தானே குண்டு வைத்துக்கொண்டு, பக்கத்து நாட்டின் மேல் பழி போட்டால் என்ன செய்வீர்கள்? பக்கத்து நாடு ஒரு தவறும் செய்யவில்லை. அது சத்தியம். குண்டு வைத்ததைப் பார்த்த ஒருத்தி அந்த நாட்டுக்குள்ளேயே இருக்கிறாள். தன் நாட்டைக் காட்டிக்கொடுக்க அவளால் முடியாது. பக்கத்து நாட்டின் மேல் அவளுக்கு எவ்வளவோ பிரியம். அவள் எந்த மன்றத்தில் போய் நிற்பாள்?"

நான் வரிசையாகக் குறித்துக்கொண்டேன். ஒன்று, 'ஒருத்தி' என்றது தவறு, 'ஒரு குடிமகன்' என்றிருக்க வேண்டும். இரண்டு, குரல் தடுமாறியது. மூன்று, நடுவர்களைப் பார்த்துப் பேச வேண்டும் என்பது விதி. அவள் கடைசி வரை முன்வரிசையில் இருந்த என்னையே பார்த்துப் பேசினாள். நான்கு, உதாரணம் நம்பும்படி இல்லை. இந்த நான்காவதில் அவளைப் பிடித்துவிடலாம் என்று தெரிந்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அவள் இறங்கி வந்து, எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மேடையேறி வணக்கம் சொன்னேன். பாதி நேரம் போனதும் எழுதியதை விட்டு விலகி, எனக்கு முன் பேசிய சகோதரியின் கற்பனை வளத்தைப் பாராட்டுகிறேன் என்றேன். லேசாகச் சிரிப்பு எழுந்தது. தைரியம் வந்துவிட்டது.

"தன் கூரைக்குத் தானே நெருப்பு வைத்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்காரன் வைத்தான் என்று அழுகிறவர்கள் இந்த உலகத்தில் உண்டா? அப்படி ஒரே ஒரு வீட்டையாவது கண்ணால் பார்த்தவர்கள் இந்த அவையில் இருந்தால், தயவுசெய்து கை தூக்குங்கள்."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பெரிய பேச்சாளர்கள் செய்வதுபோல இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரை பார்த்தேன். முன்வரிசையில் அக்கா கையைத் தூக்கியிருந்தாள். முழுதாக அல்ல, தோள் உயரத்துக்கு. விடை தெரிந்தும் சொல்லலாமா என்று தயங்குகிற மாணவி தூக்குவதுபோல. அவளும் விளையாட்டில் சேர்ந்துகொண்டதாக நினைத்துக் கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. நடுவர்களில் ஒருவர் கைகூடத் தட்டினார். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை, கையைக் கீழே இறக்கவும் இல்லை. மணி அடிக்க அதிக நேரமில்லை என்பதால், நான் அடுத்த குறிப்புக்குப் போய்விட்டேன்.